தீயில் நிற்கும்போது வெட்டக் கூடாது

சுங்கை சிப்புட்

அன்புள்ள உறுமி,

தைப்பூசத்தன்று பேசியதோடு சரி. போன வாரம் நீ இரண்டு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபமில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது, அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியக்காவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. கிராணி மகன் மறுபடியும் லோரி வாங்கப் போகிறானாம். உன்னிடம் வந்து பணம் கேட்டால் பழைய லோரி என்னாயிற்று என்று முதலில் கேள்.

ஆடித் தீமிதி முடிந்து மூன்று வாரமாகிறது. இந்த வருடம் படமெடுக்கும் பொறுப்பைக் கோயில் கமிட்டி என்னிடம் கொடுத்தது. தோட்டத்தில் நம் ஆட்கள் பத்துக் குடும்பம்கூட இல்லை, ஆனால் தீமிதியன்று ஈப்போ, கிள்ளான் என்று எங்கெங்கிருந்தோ வந்து நிற்கிறார்கள். வர முடியாதவர்களுக்காகத்தான் படம். வர முடிந்தும் வராதவர்களுக்கும்தான், ஜொகூர்க்காரனே.

மொத்தம் நான்கு கேமரா. குழிக்கு நேரெதிரே பால்குழிப் பக்கம் ஒன்று, வாடகைக்கு எடுத்தது. என்னுடையது மேளக்காரர்கள் பக்கம். இன்னொன்று தண்ணீர்த் தொட்டி மேட்டில், முழுக் களமும் தெரிகிற மாதிரி. நான்காவது என் அக்கா மகனின் கைப்பேசி. அவன் இஷ்டத்துக்குச் சுற்றிச் சுற்றி எடுத்தான். உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிய பிறகுதான் வேலையே தொடங்கியது. டாவின்சி ரிசால்வ் என்று ஒரு மென்பொருள். இலவசப் பதிப்பே இதற்குப் போதும். நான்கு படத்தையும் ஒரே நேரத்தில் கட்டம் கட்டமாக ஓட்டிக் காட்டும். எந்தக் கட்டத்தைச் சொடுக்குகிறோமோ அந்த நொடியில் வெட்டு விழுந்து அந்தக் கேமராவுக்கு மாறிவிடும். ஆனால் அதற்கு முன்னால் நான்கும் ஒரே நொடியில் நிற்க வேண்டும். சினிமாவில் கட்டை தட்டுகிறார்களே, அது இதற்குத்தான். கட்டை சேருகிற படமும் அந்தச் சத்தமும் எல்லாக் கேமராவிலும் பதிந்துவிட்டால் பிறகு பொருத்துவது சுலபம். நாங்கள் தட்டவில்லை. நல்ல வேளை, பூசாரி கரகத்தோடு கிளம்பும்போது கோயில் மணி அடித்தது. ஒலியை அலை அலையாகப் போட்டுக் காட்டும்போது அந்த மணி எல்லாவற்றிலும் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அந்த ஊசிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தினேன். பொருந்திவிட்டது என்று நினைத்தேன்.

பொருந்தவில்லை. மேட்டுக் கேமராவில் உறுமிக்காரரின் குச்சி தோலைத் தொட்ட பிறகுதான், தாமதமாகச் சத்தம் வருகிறது! இரண்டு ராத்திரி மண்டையைக் குடைந்தது. அப்புறம்தான் நீ நினைவுக்கு வந்தாய். மறுநடவுக்காக ரப்பர் பால்மரம் வெட்டிய வருடம், ஐந்தாம் லயத்து மேட்டில் உட்கார்ந்திருப்போமே. எதிர்ப்பக்கம் கோடரி விழும். அவர் திரும்ப ஓங்கும்போதுதான் ‘டொக்’ என்று நம் காதுக்கு வரும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை தட்டு என்று நீ தொடையில் தட்டி எண்ணுவாய். அதேதான் இங்கேயும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கேமரா நொடிக்கு 25 படம் எடுக்கிறது என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒலி போவது 14 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தொட்டி மேடு களத்திலிருந்து நாற்பது மீட்டர் இருக்கும், ஆக மணிச்சத்தமே அங்கே மூன்று படம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் சத்தத்தைப் பொருத்தினேன், படம் விலகிவிட்டது. மூன்று படம் நகர்த்தினேன். குச்சி தோலில் உட்கார்ந்தது. அந்த நேரத்தில் நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

கைப்பேசி வேறு வகைத் தொல்லை. தொடக்கத்தில் சரியாக இருக்கும், போகப் போக விலகும். கைப்பேசிகள் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்தையும் சூட்டையும் பார்த்துக் கூட்டிக் குறைக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் போட்டுச் சீரான வேகத்துக்கு மாற்றிய பிறகுதான் கட்டுப்பட்டது. வாடகைக் கேமரா மஞ்சளாகவும் கைப்பேசி நீலமாகவும் எடுத்திருந்ததைப் பூசாரியின் வேட்டி வெள்ளையை வைத்துச் சரிக்கட்டினேன்.

இதெல்லாம் பழகினால் வந்துவிடும். எந்த இடத்தில் எந்தக் கேமராவைக் காட்டுவது என்பதுதான் கஷ்டம். முதல் தடவை உறுமியின் ஒவ்வோர் அடிக்கும் மாற்றினேன். என் மனைவி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “தலை சுத்துது, யார் இறங்குறாங்கன்னே தெரியல” என்று எழுந்து போய்விட்டாள். அவள் சொன்னது சரி. இன்னொன்றும் கவனித்தேன். என் கேமராவில் ஆட்கள் இடமிருந்து வலம் போகிறார்கள், எதிர்ப்பக்கம் நின்ற கைப்பேசியில் வலமிருந்து இடம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், இறங்கியவர் பாதியில் பயந்து திரும்பி ஓடி வருவது போல இருக்கிறது. விரதமிருந்து இறங்கியவரை அப்படிக் காட்டலாமா? நடுவில் நேரெதிர்க் கேமராவின் படத்தை வைத்தால் அந்தக் குழப்பம் போய்விடுகிறது.

கடைசியில் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன். ஓர் ஆள் தீயில் கால் வைத்ததிலிருந்து பாலில் கால் வைக்கும் வரை வெட்டக் கூடாது. நடுவில் மாற்றினால் எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடும். சுற்றி நின்ற ஜனங்கள் அந்த ஏழெட்டு நொடி கண்ணைச் சிமிட்டினார்களா? படமும் சிமிட்டக் கூடாது. 46 பேருக்கு இந்த விதி நின்றது.

47வது ஆள் உன் அம்மா.

காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மறுநாள் போய் நானே பார்த்தேன், பசியாறிவிட்டு முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். உன் சின்னவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேண்டிக்கொண்டதாம். காப்புக் கட்டியது கமிட்டிக்கும் பெரியக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். “அவன்கிட்ட சொல்லாதே, நானே சொல்றேன்” என்றார். மூன்று வாரமாகிவிட்டது. நீ கூப்பிட்டபோது பேச்சில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தால் இன்னும் சொல்லவில்லை என்றுதான் தோன்றியது என்று பெரியக்கா சொன்னார். 67 வயதில் இப்படிச் செய்ததற்கு அவரிடம் கத்தாதே. கத்த வேண்டுமென்றால் என்னிடம் கத்து.

இப்போது என் பிரச்சினையைக் கேள். அவர் இறங்குவதற்குச் சற்று முன் நேரெதிர்க் கேமரா நின்றுவிட்டது. 30 நிமிடமோ அதற்கு மேலோ பதிகிற கேமராவை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் சுங்க வரி போட்டிருந்தார்கள். அதற்காகப் பல கேமராக்களை 29 நிமிடம் 59 நொடியில் தானாக நிற்கும்படி செய்துவிட்டார்கள். எங்கேயோ போட்ட வரி நம் பூக்குழிக்கு முன்னால் வந்து உன் அம்மாவை மறைத்துவிட்டது. என் கேமரா அப்போது மேளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேட்டுக் கேமராவில் அவர் ஒரு மஞ்சள் புள்ளி. முகம் தெரிவது அக்கா மகனின் கைப்பேசியில் மட்டும்தான். பாட்டியைப் பார்த்ததும் அவன் கை நடுங்கிவிட்டது. பாதி வழியில் கைப்பேசி தாழ்ந்து இரண்டு நொடிக்கு வெறும் மண்ணும் யாருடைய செருப்போ. மறுபடி நிமிரும்போது அவர் பாலில் நிற்கிறார், திரும்பிக் கூட்டத்தில் யாரையோ தேடுகிறார்.

அந்த இரண்டு நொடியில் மேட்டுப் படத்தைப் போட்டு மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஒருவருக்கு மட்டும் தீயின் நடுவில் வெட்ட வேண்டி வரும். எனக்கு அந்த மண்ணையும் செருப்பையும் அப்படியே விட்டுவிடத்தான் தோன்றுகிறது. உறுமி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, பையன் எப்படிப் பதறினான் என்பதும் அதில் இருக்கிறது. ஆனாலும் நீ பார்க்காமல் இதைக் கமிட்டியிடம் கொடுக்க மாட்டேன். வேண்டாம் என்றால் அந்தப் பகுதி படத்திலேயே இருக்காது.

முதலில் அம்மாவிடம் பேசு. அப்புறம் வருகிற சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு, ஈப்போவில் வந்து ஏற்றிக்கொள்கிறேன். அந்த மூன்று படக் கணக்கு சரிதானா என்று உன் காதும் சொல்ல வேண்டும்.

உன்,
நெட்டை