26ஆவது பேட்ச்

டோக்கியோ

அன்புள்ள பாஸ்கர்,

நலம், நலமறிய ஆவல். நீ திட்டி எழுதியதும் வந்தது, அதற்கு முன் திட்டாமல் எழுதியதும் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து இதுதான் பதில். முதுகுவலி அப்படியே இருக்கிறது, விசா நீட்டித்தாயிற்று, சமையல் இன்னும் நானேதான். போதும்.

பையன் ராணுவ அகாடமியில் சேர என்.டி.ஏ. பரீட்சை எழுதட்டுமா என்று கேட்டிருந்தாய். பரோட்டாவுக்காக என்.சி.சி.யில் சேர்ந்தவனின் பிள்ளைக்கு ராணுவ ஆசையா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. காரணம், சமீபத்தில் இங்கே இச்சிகாயாவுக்குப் போய்வந்தது. இப்போது அது பாதுகாப்பு அமைச்சக வளாகம். 1874 முதல் 1937 வரை ஜப்பானிய ராணுவ அதிகாரிகளை உருவாக்கிய அகாடமி அங்கேதான் இருந்தது. ஆரம்பத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களை ஜெர்மானியர்கள் 1871இல் தோற்கடித்துவிட்டார்களா, 1880களில் இவர்களும் ஜெர்மன் முறைக்குத் தாவிவிட்டார்கள். நம் ஹாஸ்டல் வார்டன் கட்சி மாறியது போலத்தான்.

பழைய கட்டிடத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய கூடம், மரத்தரை, ஒரு முனையில் பேரரசருக்கான மேடை. 1946 முதல் 1948 வரை, ஜப்பானியத் தலைவர்களைப் போர்க்குற்றத்துக்காக நிறுத்திய டோக்கியோ விசாரணை நடந்தது இந்தக் கூடத்தில். 1905இல் இதே அகாடமியில் தேறிய போர்க்காலப் பிரதமர் தோஜோ இங்கே குற்றவாளிக் கூண்டில் உட்கார்ந்தார். குற்றம் சாட்டப்பட்ட ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை என்று தனித் தீர்ப்பு எழுதிய நம் நாட்டு நீதிபதி ராதாபினோத் பாலும் இங்கேதான் உட்கார்ந்திருந்தார். 1970இல் ராணுவத்தைப் புரட்சிக்குத் தூண்டப் பார்த்த எழுத்தாளர் மிஷிமா வாள் வீசிய தழும்பு ஒரு கதவில் இருக்கிறது. வந்த கூட்டம் முழுக்க அதைத்தான் போட்டோ எடுத்தது.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. அந்த அகாடமியிலிருந்து 1914இல் வெளியேறிய 26ஆவது பேட்ச். அதில் குரிபயாஷி இருந்தார், 1945இல் அமெரிக்கப் படையை எதிர்த்து இவோ ஜிமா தீவைக் காக்க நின்ற தளபதி. சும்மா கத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சாகாதே, சுரங்கம் தோண்டி நின்று சண்டை போடு என்றவர். அப்படியும் சுமார் 21,000 பேரில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் உயிரோடு மிஞ்சினார்கள். அவர் அமெரிக்காவில் இருந்தவர், அந்த நாட்டின் பலம் தெரிந்தவர். இங்கே ஒரு கூத்து கேள். ராணுவத்தின் செல்லப் பிள்ளைகள் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே கேடட் பள்ளியில் சேர்ந்து ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்ய மொழி படித்தவர்கள். ஆங்கிலம் பெரும்பாலும் குரிபயாஷி மாதிரி சாதாரணப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான். கடைசியில் சண்டை யாரோடு வந்தது பார்.

அதே பேட்சில் இரண்டு கொரியர்கள், ஹோங் சா இக், ஜி சோங் சோன். 1909இல் இவர்கள் இங்கே படிக்க வந்தார்கள். மறு வருடம் ஜப்பான் கொரியாவை விழுங்கிவிட்டது. அந்நிய நாட்டு மாணவனாக வந்தவன் படிப்பு முடிவதற்குள் அடிமை நாட்டுப் பிரஜை. ஜி 1919இல் மஞ்சூரியாவுக்குத் தப்பி ஓடி, இங்கே கற்றதையெல்லாம் கொரிய விடுதலைப் போராளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1940இல் விடுதலைப் படைக்கே தளபதியானார். ஹோங் ஜப்பானிய ராணுவத்திலேயே இருந்தார். கொரியர்கள் ஜப்பானியப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நெருக்கிய காலத்திலும் தன் பெயரை மாற்றவில்லை. ஆனால் லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்து, பிலிப்பைன்ஸில் போர்க் கைதி முகாம்களுக்குப் பொறுப்பாளியாகி, 1946இல் மணிலாவில் தூக்கில் தொங்கினார். யாருடைய குற்றத்துக்கு யார் தொங்கினது? படுத்தால் இதே யோசனை. ஜியை மெச்சுவது சுலபம். ஹோங்கை என்ன சொல்ல? எனக்கு அவர்மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1932 மே 15, கடற்படை இளம் அதிகாரிகளோடு இந்த அகாடமியின் 11 மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிரதமர் இனுகாயை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றது அந்தக் கும்பல். மாணவர்களுக்கு நாலு வருஷச் சிறை, அவ்வளவுதான். நாட்டுக்காகச் செய்தார்கள் என்று ஊரே உருகியது. நான் பயப்படுவது துப்பாக்கிக்கு இல்லை பாஸ்கர், இந்த உருகலுக்கு.

போருக்குப் பின் பழையதை மூடிவிட்டார்கள். புதிய அகாடமி 1953இல் மாணவர்களைச் சேர்த்தபோது முப்படைக்கும் ஒரே பள்ளி. அதற்குத் தலைவராக ஒரு ஜெனரலை அல்ல, மாகி தோமோ என்ற அரசியல் பேராசிரியரை உட்கார வைத்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நேதாஜி 1944இல் நம் பிள்ளைகள் சிலரையும் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார், தெரியுமா? அவர்களில் ஒருவரான ரமேஷ் பெனகல் பிற்பாடு நம் விமானப்படையில் மகாவீர் சக்கரம் வாங்கினார். பையனுக்கு இதைச் சொல், குதிப்பான். ஹோங் கதையை நானே சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடச் சொல். பரீட்சை தாராளமாக எழுதட்டும். கணக்கில் உன்னைப் போல இருந்தால் மட்டும் கஷ்டம்.

பாய்லர் மகள் கல்யாணத்துக்கு வர முடியாது. என் பெயரில் மொய் எழுதிவிடு, வந்து தருகிறேன். போன தடவை மாதிரி குறைத்து எழுதி என் மானத்தை வாங்காதே.

அன்புடன்,
செல்வம்