பாலுவின் போலோவுக்கு எந்த வீல்?

மண்டபம்,
8 ஜூன் 2025.

அன்புள்ள பாலு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் போன வாரம் வந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் உன் போலோ காருக்கு எந்த வீல் போடலாம் என்பதுதான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மாற்றல் உத்தரவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தங்கச்சியின் கோபம். இத்தனை வருஷம் கழித்து தேவிபட்டினம் வீட்டுக்கே குடிவருகிற சேதியை ஓரத்தில் எழுதுகிற ஆள் நீ ஒருத்தன்தான் மாப்ளே. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “தங்கச்சிக்கு என்ன கோபம்?” என்று மட்டும் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை, எழுது.

ஊர்ச் செய்தி கொஞ்சம்தான். ஏப்ரல் 15-இல் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. விசைப்படகுகளுக்குப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள், இப்போது வலை வேலை ஓடுகிறது. பாம்பனில் புது ரயில் பாலம் ஏப்ரலில் திறந்ததிலிருந்து ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. ஐஸ் கம்பெனியில் எனக்குக் கணக்கெழுத ஒன்றும் இல்லாததால் ராமநாதபுரத்தில் மச்சான் டயர் கடையில்தான் பாதி நாள் கிடக்கிறேன். ஆகவே உன் மூன்று பக்கத்துக்கும் பதில் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

நீ கேட்டது 17 அங்குல அலாய் வீல், 215/40 டயர். “அப்படியே உட்காரும் சார்” என்று கோயம்புத்தூர்க் கடைக்காரர் சொன்னாராம். அவர் கணக்கு தப்பில்லை. இப்போது உன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. மாடலில் இருப்பது 185/60 ஆர்15. அகலம் 185 மில்லிமீட்டர், அதில் 60 சதவீதம் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர் உயரம், 111. மேலும் கீழும் சேர்த்து 222, ரிம் 15 அங்குலம் என்றால் 381, மொத்தம் 603. அதே கணக்கை 215/40 ஆர்17-க்குப் போடு. சைடுவால் 86, இரண்டு பக்கம் 172, ரிம் 432, மொத்தம் 604. ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டரும் ஏமாறாது, கியரும் ஏமாறாது. பலபேர் இந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டுப் பர்ஸைத் திறக்கிறார்கள். 111-லிருந்து 86-க்கு இறங்கியதில் காணாமல் போன 25 மில்லிமீட்டர்தான் என் கவலை. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பரும் காற்றும் மட்டும்தான்.

நீ வண்டி ஓட்டப்போகிற ரோடுகளை நினைத்துப் பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டி வரைக்கும் பிரச்சினையில்லை. ஆனால் மெயின் ரோட்டை விட்டு இறங்கி ஏதாவது ஒரு ஊருக்குள் போனால், தார் ஓரம் ஒரு சாண் உடைந்து தொங்கும். எதிரே பஸ் வந்தால் இரண்டு சக்கரமும் அந்த விளிம்பில் இறங்கித்தான் ஏற வேண்டும். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் இருட்டில் வந்து நிற்கும். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு தடக்கென்று விழும். போன மாதம் கடைக்கு ஒரு வண்டி வந்தது, இதே மாதிரி 17 அங்குலம் போட்டது. முன் இடது டயரின் பக்கவாட்டில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். மச்சான் டயரைக் கழற்றி ரிம்மைப் பேலன்சிங் மெஷினில் வெறுமனே மாட்டிச் சுற்றவிட்டார். உள்பக்க விளிம்பு ஒரு இடத்தில் மட்டும் எகிறி எகிறி இறங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல் கிடையாது. டயருக்குள் இருக்கிற நூல் அறுந்தால்தான் அப்படி வீங்கும். அதை ஒட்டவும் முடியாது, நம்பி ஓட்டவும் முடியாது.

இன்னொன்று, டயரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. 84 என்றால் அந்த ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 87 என்றால் 545. 215/40 ஆர்17-இல் சாதாரண வகைக்கு 83, அதாவது 487 கிலோதான். பெரிய டயர் என்று பணம் கொடுத்து, 84 போட்ட கம்பெனி டயரைவிடக் குறைவாகச் சுமக்கிற ஒன்றை வாங்கி வருவாய். எக்ஸ்.எல். என்று போட்ட கூடுதல் பலமுள்ள வகை கிடைக்கும். ஆனால் அந்தக் கூடுதல் பாரத்தைச் சுமக்க அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். ஏற்கனவே குட்டையான சைடுவாலில் காற்றையும் ஏற்றினால், தங்கச்சி முன்சீட்டில் உட்காரமாட்டாள்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். சும்மாதானே கிடக்கிறது என்று ஐஸ் கம்பெனித் தராசில் ஒரு நாள் இரண்டு வீலை ஏற்றிப் பார்த்தேன். டயரோடு நிறுத்தியதில் கடையிலிருந்த 17 அங்குலச் செட், பழைய 15 அங்குலத்தைவிட வீலுக்கு மூன்று கிலோவுக்கு மேல் கூடுதல். சுற்றுகிற எடை அது. உன் 1.2 லிட்டர் டர்போ ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அதைச் சுற்றிவிட வேண்டும், பிரேக் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும், சஸ்பென்ஷன் அதைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். பாய்ச்சலுக்காகத்தானே இந்த வண்டியை வாங்கினாய்?

என் யோசனை 16 அங்குலம், 195/55. பின்னால் வந்த ஜி.டி. மாடல்களில் கம்பெனியே இந்த அளவைத்தான் போட்டது. சைடுவால் 107 மில்லிமீட்டர், இப்போதையதைவிட நாலுதான் குறைவு. மொத்த உயரம் 621 வரும், கிட்டத்தட்ட மூன்று சதவீதம் கூடுதல். அதனால் மீட்டர் இப்போது காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். பொதுவாகக் கார் மீட்டர்கள் உள்ளதைவிட ஏற்றித்தான் காட்டும் என்பதால் இது பெரிதாக உறுத்தாது. ஆனால் இதற்கு மேல் உயரம் போகாதே. டயரும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிற அளவு, ஹூண்டாய் ஐ20 என் லைன் காருக்கும் இதுதான். நடு ரோட்டில் டயர் கிழிந்து, அளவு கிடைக்காமல் மதுரைக்குச் சொல்லியனுப்பிக் காத்திருக்கிற கதையெல்லாம் உனக்கு வேண்டாம்.

முடிந்தால் கம்பெனி 16 அங்குல வீலையே பழசில் தேடு. வேறு கம்பெனி செய்த வெளி வீல்தான் என்றால் நாலு விஷயம் பொருந்தியே ஆக வேண்டும். முதலாவது போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். உன் வண்டிக்கு 5 துளை, 100 மில்லிமீட்டர். 5 துளை, 112 மில்லிமீட்டர் வீலை நெம்பி மாட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடு. இரண்டாவது நடுத்துளை, 57.1 மில்லிமீட்டர். வெளி வீல்களில் எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று 73.1 மாதிரி பெரிதாக வைத்திருப்பார்கள், நடுவில் ஒரு வளையம் போட்டால்தான் ஹப்பில், அதாவது வீலை மாட்டுகிற அச்சு முனையில், ஆடாமல் உட்காரும். வளையம் இல்லாமல் மாட்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் நிற்காது.

மூன்றாவது ஆஃப்செட், வீலில் ‘ஈ.டி.’ என்று போட்டிருக்கும். அது வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படிகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பது. உன் வீல் 6ஜே, அதாவது 6 அங்குல அகலம், ஈ.டி. 40 என்று வைத்துக்கொள், உள்பக்கம் அச்சிட்டிருப்பதோடு ஒருதடவை சரிபார்த்துவிடு. 7ஜே, ஈ.டி. 35 போட்டால் வெளி விளிம்பு கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர் வெளியே வரும், உள் விளிம்பு 8 மில்லிமீட்டர் ஷாக் அப்சார்பர் பக்கம் நெருங்கும். நாலு பேர் ஏறி, பின்னால் மூட்டையும் வைத்தால் மட்கார்டில் உரசுகிறதா என்பதை அப்போதுதான் பார்க்க முடியும். கடை வாசலில் காலி வண்டியைச் சுற்றி வந்து பார்த்துப் பயன் இல்லை. 6.5ஜே, ஈ.டி. 40-ஐ ஒட்டி எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

நாலாவது போல்ட். இதில்தான் விவரமான கடைக்காரர்களும் கோட்டைவிடுகிறார்கள். ஃபோக்ஸ்வேகன் வீலில் போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டையாக இருக்கும், வீலில் உள்ள குழியும் உருண்டை. வெளி வீல்களில் பெரும்பாலும் கூம்புக் குழி. உருண்டை போல்ட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும், ஓட ஓடத் தளரும். ஆகவே புது வீலுக்குக் கூம்பு போல்ட் வாங்கு. பழைய போல்ட்டையும் ஒரு துணியில் சுற்றி டிக்கியில் வை, ஏனென்றால் ஸ்டெப்னிக்கு அதுதான் வேண்டும். இரவில் தனுஷ்கோடி ரோட்டில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிக்காதே. ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட உயரம் குறைவாகவும் இருக்கும், பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் அதில் மெதுவாக ஓட்டு. போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சில் முறுக்கச் சொல், நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொதுவான விஷயம். உன் கடைக்காரர் யோசித்திருக்கவே முடியாதது நம் உப்பு. வீல் அலுமினியம், ஹப் இரும்பு. இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் வெள்ளையாகப் பொடி பூத்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். போல்ட் எல்லாம் கழற்றிய பிறகும் வீல் வராது. டயரில் காலால் உதைத்துத்தான் எடுப்போம். மாட்டுவதற்கு முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிற கிரீஸை மெல்லிசாகப் பூசச் சொல். போல்ட் மரையில் படக்கூடாது. நடு வளையமும் பிளாஸ்டிக்கே போதும், அலுமினிய வளையம் பளபளப்பாக இருந்தாலும் இங்கே ஹப்போடு ஒட்டிக்கொள்ளும்.

நீ அனுப்பிய படத்தில் இருக்கிற டைமண்ட் கட் வீலும் வேண்டாம். கருப்பும் வெள்ளியுமாகக் கண்ணைப் பறிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வெள்ளி முகம் கடைந்த அலுமினியம், மேலே இருப்பது ஒரு தெளிவான லேக்கர் பூச்சு மட்டும். ஒரு கல் தெறித்து அந்தப் பூச்சு உடைந்தால் போதும், அதற்கடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓட ஆரம்பிக்கும். உன் வீட்டுத் திண்ணையிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று உனக்கே தெரியும். முழுதும் பவுடர் கோட்டிங் செய்த வெள்ளி அல்லது சாம்பல் நிற வீல் எடு. கழுவுவதும் போர்த் தண்ணீரில் வேண்டாம், அதுவே உப்பு. குடிக்க வருகிற காவிரித் தண்ணீரில் கழுவினால் தங்கச்சி கோபத்துக்குப் புதுக் காரணம் கிடைக்கும், அதனால் வாரம் ஒருதடவை ஈரத்துணியால் துடை, மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்து வை.

வீலின் உள்பக்கம் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பான் தர முத்திரையும், எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் இருக்கிறதா பார். முத்திரையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்தான், ஆனால் அதுகூட இல்லாத வீலை நான் தொடமாட்டேன். பழசு வாங்கினால் உள்பக்கம் வெல்டிங் தடம் தேடு.

ரிம்மில் மிச்சமாகிற பணத்தை டயரில் போடு. ரோட்டைத் தொடுவது அதுதான். ஐப்பசி மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அகல டயர் சீக்கிரம் மிதக்கும், 195 அதற்கும் தோது. மழைப்பிடிப்பு நன்றாக உள்ளதாக எடு. டயரில் நாலு இலக்க எண்ணைப் படி, 0825 என்றால் 2025-இன் எட்டாவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைத் தள்ளுபடி என்று தலையில் கட்டுவார்கள், ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருக்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பெட்ரோல் மூடிக்குள் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய். 16 இல்லையென்றால் இருக்கிற 15 அங்குலத்திலேயே நல்ல டயராக மாற்றிவிடு, மனசு அடித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வீலை மாற்றினால் இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடு.

அந்த ஸ்டிக்கரையும், இப்போது இருக்கிற வீலின் உள்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, மச்சானிடம் காட்டுகிறேன். கோயம்புத்தூரில் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. ஆடிக்கு முன்னால் வந்துவிடுவாய்தானே? வரும்போது அம்மாவின் முழங்காலுக்கு அங்கே கிடைக்கிற அந்தத் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா, பெயர் உனக்குத் தெரியும்.

அன்புடன்,
செய்யது