அம்மாவிடம் நீயே சொல்

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்புள்ள சண்முகத்துக்கு அப்பா எழுதுவது.

நேற்று நீ கூப்பிட்டபோது அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று வேகவேகமாகச் சொன்னாய். கப்பல் இந்தத் தடவை ஆப்பிரிக்காவைச் சுற்றவில்லை, கப்பல்கள் மேல் ஏவுகணைத் தாக்குதல் நடந்த செங்கடல் வழியாகவே போகிறது. வரமாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு, ஆனாலும் நீ சொல்லவில்லை. "அம்மாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்கப்பா" என்றாய். நானும் சரி என்றுவிட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. அந்தச் சரியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

போனில் இவ்வளவும் என்னால் பேச முடியாது. காதும் முன்னே மாதிரி இல்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தால் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான்.

போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. 1971 பாகிஸ்தான் போரில் நான் என்ன செய்தேன் என்று உன்னிடம் முழுதாகச் சொன்னதே கிடையாது. கேட்டுக்கொள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஸ்டோக்கர், பாய்லரில் தீ வளர்க்கிற வேலை. நீ டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறாய், எங்களுடையது நீராவி. பாய்லர் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. இருந்த நாலு பாய்லர்களில் ஒன்றில் விரிசல் விட்டிருந்தது, அந்தக் குறையோடுதான் போருக்குப் போனோம். நாலு மணி நேர வாட்ச் முடிந்து ஏணி ஏறும்போது சட்டையில் உப்புப் பூத்திருக்கும். குளிக்கக் கடல் தண்ணீர்தான், அந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். சண்டை மணி அடித்துவிட்டால் அந்த வேக்காட்டிலும் வெள்ளைத் துணி முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும், தீ பாய்ந்தால் தோல் பொசுங்காமல் இருப்பதற்காக. சாப்பாடு நின்ற இடத்துக்கே பொட்டலமாக வரும். பூரி, உருளைக்கிழங்கு. ராத்திரி மேல்தளத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது, ஒரு சிகரெட் கங்குகூட.

விமானம் கிளம்ப எதிர்காற்று வேண்டும். காற்று இல்லாத நாளில் கப்பல் ஓடுகிற வேகம்தான் காற்று. அந்த வேகத்தைக் கொடுப்பது நாங்கள். விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட்டும் எங்கள் நீராவியைத்தான் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் பிரஷர் முள் சட்டென்று இறங்கும், உடனே அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். பதறிப்போய் எண்ணெயை அதிகமாகத் திறந்துவிட்டால் புகைபோக்கியில் கரும்புகை கிளம்பும். நடுக்கடலில் கரும்புகை எவ்வளவு தூரம் தெரியும் என்று உனக்கே தெரியும். டிசம்பர் 4ஆம் தேதி ஸீ ஹாக் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கப் போனதை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. முள் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. எங்களுக்குப் போர் அவ்வளவுதான்.

எங்கள் கப்பலைத் தேடி பாகிஸ்தானின் காஸி என்ற நீர்மூழ்கி வந்ததும், முந்தின ராத்திரியே அது விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனதும் பிறகுதான் தெரிந்தது. நீர்மூழ்கி இருக்கலாம் என்ற பேச்சு மட்டும் கீழே எப்போதும் இருந்தது. அதனால் ஒவ்வொரு வாட்சிலும் என் கண் ஏணிக்கு மேலே இருந்த கதவுக்குப் போய்ப் போய் வரும். டார்ப்பீடோ பட்டு அறைக்குள் வெள்ளம் புகுந்தால், கப்பலைக் காப்பாற்ற அந்தக் கதவை வெளியிலிருந்து இறுக்கிவிடுவார்கள். உள்ளே யார் இருந்தாலும் இறுக்கத்தான் வேண்டும். பயமாக இருந்ததா என்று சின்ன வயதில் என்னைக் கேட்டாய், நான் சிரித்து மழுப்பினேன். பயந்தேன், தம்பி. தினமும் பயந்தேன்.

உன் அப்பத்தாவுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. லீவில் வந்தபோது, பம்பாயில் கரையிலேயே ஸ்டோர் வேலை என்று சொல்லிவைத்திருந்தேன். கப்பலிலிருந்து போட்ட இன்லண்ட் லெட்டரிலும் நாலே வரி. நலம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம், தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும். கப்பல் எங்கே இருக்கிறது என்று எழுதக் கூடாது, அது சட்டம். கப்பலில் இருக்கிறேன் என்பதையே மறைத்தது நான்.

டிசம்பர் 9ஆம் தேதி அரபிக்கடலில் குக்ரி என்ற நம் போர்க்கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போய்விட்டார்கள். அதன் கேப்டன் முல்லா கப்பலை விட்டு வரவே இல்லை. அந்தச் செய்தி ரேடியோவில் வந்து ஊர் பேசிக்கொண்டிருந்தபோது, டீக்கடையில் ஒருவர் அப்பத்தாவிடம், "ஒன் மகனும் கப்பல்லதானே இருக்கான்?" என்று கேட்டுவிட்டார். இவளுக்கு எந்தக் கப்பல் என்று தெரியாது, எந்தக் கடல் என்றும் தெரியாது. என் கடிதம் வந்தது, ஆனால் அது கப்பல் மூழ்குவதற்கு முந்தின தேதி போட்டது. அடுத்த கடிதம் வரும்வரை பதினோரு நாள் கொப்புடையம்மன் கோவில் வாசலிலேயே கிடந்திருக்கிறாள். வீட்டில் உலை வைக்கவில்லை என்று உன் அத்தை இன்றைக்கும் சொல்வாள். நான் ஊருக்கு வந்தபோது அப்பத்தா அழவில்லை, திட்டவும் இல்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா அந்தக் கப்பல் பேரையாவது கேட்டு வச்சிருப்பேனேடா" என்றாள்.

அவளுக்கு அது முதல் தடவை இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தாங்கவில்லை.

உன் ஐயா, என் அப்பா, பர்மாவில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையல் வேலையில் இருந்தார். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பான்காரன் குண்டு போட்டபோது சனம் தெருவில் நின்று விமானத்தை அண்ணாந்து வேடிக்கை பார்த்ததாம். அப்படிப் பார்த்தவர்கள்தான் நிறையச் செத்தார்கள் என்பார். கப்பலில் இடம் கிடைக்கவில்லை, நடந்தார். புரோம் ஊரில் பின்வாங்கி வந்த பட்டாளம் ஒன்றுக்குத் தகர டின்னில் சோறும் பருப்பும் பொங்கிப் போட்டிருக்கிறார். அந்தச் சிப்பாய்களில் நம் பக்கத்துப் பையன்களும் இருந்தார்களாம். பூட்ஸ் பிய்ந்து காலில் சாக்குத் துணி சுற்றியிருந்த ஒருவன், சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப்போனான் என்று ஐயா அடிக்கடி சொல்வார். அங்கே காலரா. அதற்கப்புறம் ஐராவதியைக் கடந்து, மலை ஏறி இறங்கி, கடற்கரையில் இருந்த தாவுங்குப் வரைக்கும் நூறு மைலுக்கு மேல் நடை. கூட நடந்தவர்களில் பாதிப்பேரை வழியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

இங்கே அப்பத்தாவுக்கு ஒரு தகவலும் இல்லை. பர்மாவுக்குக் கணக்குப்பிள்ளையையும் அடுத்தாளையும் சமையல்காரரையும் அனுப்பிய வீட்டுப் பெண்கள் எல்லாம் செட்டியார் வீட்டு முகப்பில் போய் உட்கார்ந்து, தந்தி வந்ததா என்று கேட்பார்களாம். உள்ளே ஆச்சியும் அதே தந்திக்குத்தான் காத்திருந்தார். ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்து, சென்னைச் சனம் மூட்டை முடிச்சோடு ஊர்ப்பக்கம் வர ஆரம்பித்தது. அப்போது ஒருத்தி அப்பத்தாவிடம், இனி பூ வைப்பதை யோசித்துக்கொள் என்றாளாம். சித்திரை கடைசியில் ஐயா வீங்கின காலோடு வாசலில் வந்து நின்றார். அப்பத்தாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்படி ஒருத்தியிடம்தான் ஸ்டோர் வேலை என்று பொய் சொன்னேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பலில் ஏவுகணை விழுந்தபோது அதில் 22 இந்தியர்கள் இருந்தார்கள். நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் விசாகப்பட்டினத்திலிருந்து பத்துப் பேர் ஏறிப்போய் அந்தத் தீயோடு போராடினார்கள். அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூப்பிடும் தூரத்தில் நம் ஆட்கள் இருப்பார்கள் என்பது எனக்குப் பெரிய தைரியம். அம்மாவுக்கும் அதைச் சொல், அவளும் பிடித்துக்கொள்வாள்.

இன்னொன்று, அது உனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் போனில் கப்பல்களைக் காட்டும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அம்மா தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் உன் கப்பலின் புள்ளியைத் தேடிப் பார்க்கிறாள். ஆபத்தான இடத்தில் அந்தச் சிக்னலை அணைத்துவிடுவோம் என்று நீ ஒருமுறை சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, அவளுக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் புள்ளி இருக்காது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவாள்.

அதற்கு முன்னால் நீ கூப்பிட வேண்டும். எந்த வழி, எத்தனை நாள், எப்போது அணைப்பீர்கள், எந்த இடத்தில் மறுபடி போடுவீர்கள், எல்லாம் சொல். கம்பெனி சொல்லக் கூடாது என்பதை விட்டுவிடு, மற்றதைச் சொல். அழுவாள், அழட்டும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வந்துவிடுவாள். ஏழரைக்குக் கூப்பிடு. என் நம்பருக்கு வேண்டாம், அவள் நம்பருக்கே கூப்பிடு.

அன்புடன்
அப்பா