வெயிலையும் கேஸ் ஷீட்டில் எழுது

அன்புள்ள கண்ணு,

உங்கள் ஆஸ்பத்திரியில் பருவநிலை மாற்றம் பற்றி வகுப்பு எடுத்தார்கள் என்றும், அதற்கும் நர்சுக்கும் என்னம்மா சம்பந்தம் என்றும் போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

போன சித்திரையில், நம் சேலத்தில் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிற ஓர் அம்மாவை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். தலைசுற்றல், வாந்தி, சிறுநீர் சரியாகப் போகவில்லை. நீர்ச்சத்துக் குறைவு என்று எழுதி டிரிப் ஏற்றியாயிற்று. பாட்டில் மாற்றும்போது, என்ன வேலைம்மா என்று பேச்சுக் கொடுத்தேன். பற்றவைக்கிற வேலையாம். தகரக் கூரை. ஃபேன் போட்டால் சுடர் ஆடும் என்று போடமாட்டார்களாம். கழிப்பறை பக்கத்தில் இல்லை, அதனால் பொழுது சாயும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை வேறு தினமும் போடுகிறார். டாக்டரிடம் சொன்னதும் மாத்திரையை மாற்றி எழுதினார். யாரும் கேட்காமல் அனுப்பியிருந்தால், அதே மாத்திரையோடு அதே தகரக் கூரைக்குக் கீழேதான் போய் உட்கார்ந்திருப்பார்.

இதைக் கேட்க நம்மைவிட யாருக்கு நேரம் வாய்க்கும், சொல்? டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். படுக்கைப் பக்கத்தில் நிற்பது நாம்தான்.

2024 அக்டோபரில் நம் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல காரியம். ஆனால் வெயில் என்று ஏட்டிலேயே ஏறவில்லை என்றால் அந்தக் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும்?

கர்ப்பிணிகளை இன்னும் கவனமாகப் பார். நீ இருக்கிற சென்னையிலேயே, போரூர் ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைகிற ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. செங்கல் சூளைக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள் நம் ஜில்லாவில் எத்தனை பேர்! படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம், காய்ச்சல் 104-ஐத் தாண்டி, ஆள் குழறிப் பேசினால், வெயிலில் நின்றவரா என்று உடனே விசாரி. வெப்பத் தாக்கு என்றால் பாராசிட்டமால் கேட்காது. ஈரத்துணி, ஃபேன், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ். முதலில் உடம்பு குளிரட்டும்.

ஏற்காட்டில் சித்தி வீட்டிலேயே இப்போது மின்விசிறி மாட்டிவிட்டார்கள். மலையில் டெங்கு வராது என்று இனி யாரிடமும் சொல்லாதே. சூடு கூடினால் கொசுவின் உடம்பில் அந்த வைரஸ் சீக்கிரம் பெருகும். குளிர் குறையக் குறையக் கொசுவும் மேலே ஏறும்.

உங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் காது கொடுத்துக் கேட்பவர் என்றாயே. அட்மிஷன் தாளில் என்ன வேலை, எங்கே, எத்தனை மணி நேரம் வெயிலில் என்று எழுத ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பார். என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

இப்படிக்கு,
அம்மா