நெறி கட்டிய கதை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்தபோது நான் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். இங்கே தக்கலையில் மழை கொஞ்சம் விட்டதே என்று ரோஜாச் செடியைக் கவாத்துப் பண்ணினேன், மறுநாள் செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கி, நானே வெட்டிப்போட்ட கம்பில் மிதித்தேன். ஊக்கால் கிண்டி எடுத்தும் முள்ளின் நுனி உள்ளேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் சீழ், அப்புறம் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி நெறி கட்டிவிட்டது. விஷம் மேலே ஏறிட்டு என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்தினார். டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரையும் டிடி ஊசியும் தந்தார்.

படுத்த படுக்கையில் இதையே தேடிப் படித்தேன். 1882இல் இத்தாலியின் மெசினாவில் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடி போலிருக்கும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைத்தான் குத்தி வைத்தாராம்! காலையில் பார்த்தால் செல்கள் ஊர்ந்து வந்து முள்ளைச் சூழ்ந்து நின்றன. என் குதிகாலிலும் அதேதான். தோலுக்கடியில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் கிருமியை விழுங்கியபடியே ரசாயனக் குரல் கொடுக்க, ரத்தக்குழாய் இளகி, சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் கூட்டமாய் வந்து இறங்கின. தின்று தீர்த்து அங்கேயே சாவதுதான் அவற்றின் பிழைப்பு. நான் அருவருத்துத் துடைத்த சீழில் பாதிக்குமேல் அவற்றின் பிணம்தான்.

நெறி விஷயம்தான் எனக்குப் புதிது. டென்ட்ரிடிக் செல் என்று ஒன்று, கிருமியின் துண்டைச் சுமந்துகொண்டு நிணநீர் வழியாகத் தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவுக்கு வருகிறது. நெறி என்பது அந்தக் கணுவின் வீக்கம்தான். அங்கே டி செல் என்ற வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியும். பொருந்துகிற ஒன்று கிடைத்ததும் அது பெருகுகிறது, பி செல் என்ற இன்னொரு வகையையும் தூண்டுகிறது, அது கிருமிமேல் ஒட்டும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் செய்கிறது. இந்தப் பெருக்கத்தில்தான் கணு வீங்குகிறதே தவிர விஷம் ஏறியதால் இல்லை. அக்காவிடம் சொன்னேன், நம்பவில்லை.

செல்தான் காக்கிறது என்று மெச்னிகாஃப் கட்சி. இல்லை, ரத்தத்தில் கரைந்திருக்கும் பொருள்தான் என்று எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானியின் கட்சி. வருஷக்கணக்காகச் சண்டை, 1908இல் நோபல் பரிசு இரண்டு பேருக்கும் சேர்த்தே கிடைத்தது. பாரு, ஆன்டிபாடி கிருமிமேல் ஒட்டினால் வழுக்காமல் பிடித்து விழுங்க மேக்ரோஃபேஜுக்கு அதுவே கைப்பிடி. ஒன்றில்லாமல் ஒன்று பாதி வேலைதான் செய்யும்.

நெறி இப்போது சுண்டைக்காய் அளவுக்கு வற்றிவிட்டது. அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? வரும்போது முன்கூட்டியே சொல், குளச்சல் போய் நல்ல மீனாக வாங்கி வைக்கிறேன். செருப்புப் போட்டுக்கொண்டுதான் போவேன்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்