எத்தனை பவுன் என்பதா செய்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் தங்க ரேக்கு (மிக மெல்லிய தங்கத் தாள்) ஒட்டிய ஆயில் உருவப்படங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நம் நாளிதழ்களில் ஓவியத்துக்கு ஒரு பக்கம் கிடைப்பதே அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் கட்டுரை நெடுக 'அசல் தங்கம்', 'கோடிகளில் விலை', 'தங்கத்தில் இழைத்த முகங்கள்' என்றே போகிறது. படித்து முடித்தபோது நகைக்கடை விளம்பரம் பார்த்த மாதிரி இருந்தது.

சரி, அந்தத் தங்கக் கணக்கையே பார்த்துவிடுவோம். ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட் 1907-ல் முடித்த, அடேல் ப்ளோக்-பாவர் என்ற பெண்ணின் படம் 138 செ.மீ. சதுரம். இன்று கடையில் விற்கும் ரேக்கின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தக் கனத்தில் அவ்வளவு பெரிய கான்வாஸை ஒரு மூலை விடாமல் மூடினாலும் நாலு கிராம் பிடிக்காது, அதாவது அரைப் பவுன்கூடத் தேறாது. 2006-ல் அது 13.5 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது உண்மைதான். ஆனால் நாஜிகள் ஒரு யூதக் குடும்பத்திடமிருந்து பறித்த படம் அது. அடேலின் அக்கா மகள் மரியா ஆல்ட்மன், ஆஸ்திரிய அரசோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடி மீட்டது. விலையைப் பற்றி எழுதுவதென்றால் அதையல்லவா எழுதியிருக்க வேண்டும்.

ஆயில் பெயின்ட்டில் ஒரு முகம் வரையும்போது வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் வரைகிறோம். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மூக்கின் நிழல் எங்கே விழுகிறது எல்லாம் அப்போதே முடிவாகிவிடும், பிறகு அந்தப் படத்தை எந்த அறையில் மாட்டினாலும் அது மாறாது. ரேக்கு அப்படியில்லை. அதற்கென்று சொந்த வெளிச்சம் கிடையாது, அறையில் இருப்பதைத்தான் திருப்பித் தரும்; நீங்கள் இரண்டடி நகர்ந்தால் பளிச்சென்று இருந்த இடம் கறுத்துப் போகும், கறுத்த இடம் எரியும். ஒரே பரப்பில் ஒன்று அசையாமலும் ஒன்று அசைந்துகொண்டும் இருப்பதால்தான் அடேலின் முகமும் தோளும் கைகளும் அந்தத் தங்கத்துக்குள்ளிருந்து தனியாக மிதந்து வருகின்றன. இத்தனைக்கும் தோல் தெரிகிற இடம் அந்தப் படத்தில் கொஞ்சம்தான்.

பூக்களை உங்கள் கட்டுரையாளர் 'அலங்காரம்' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய குறை. முகம் உருண்டை, தங்கம் தட்டை, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டவே ஒட்டாது. நடுவில் நின்று இரண்டையும் சேர்த்து வைப்பது பூதான். கிளிம்ட்டின் 'முத்தம்' படத்தில் பாருங்கள், அந்தப் பெண் பூ அடர்ந்த சரிவின் விளிம்பில் மண்டியிட்டிருக்கிறாள், கால்விரல்கள் விளிம்பைப் பற்றியிருக்கின்றன, கணுக்கால் பக்கத்திலிருந்து பொன்னிறக் கொடிகள் தொங்குகின்றன. அதே பூக்கள் அவள் தலையிலும் உடையிலும் ஏறிவிட்டன. எது புல்வெளி, எது துணி என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நம் காலத்தில் இதை நன்றாகச் செய்பவர் அமெரிக்காவின் கெஹிண்டே வைலி. 2018-ல் திறந்து வைத்த அவருடைய ஒபாமா படத்தில் தங்கம் இல்லை, பூக்கள் உண்டு: சிகாகோவுக்குச் செவ்வந்தி, ஹவாய்க்கு மல்லிகை வகை, கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல லில்லி. ஒரு மனிதரின் ஊர்க்கதை முழுக்கச் செடிக்குள் இருக்கிறது, அந்தச் செடியோ பின்னால் அடங்கி நிற்காமல் முன்னால் வந்து அவர் ஷூவையே மறைக்கப் பார்க்கிறது. தங்கம் வேண்டுமென்றால் மரப் பலகையில் ஆயிலும் 22 காரட் ரேக்கும் சேர்த்து அவர் செய்த சிறிய படங்கள் இருக்கின்றன. பழைய பைசாந்தியப் பேரரசின் கிறிஸ்தவத் திருவுருவப் படங்களின் பாணியில், புனிதர்கள் இருக்கும் இடத்தில் சாதாரணக் கறுப்பின இளைஞர்கள். அங்கே தங்கத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்போது போனைத் திறந்தால் வரிசையாக வருகிறதே, கண்மூடிய ஒரு பெண், சுற்றிலும் ரோஜா, தலைக்குப் பின்னால் ஒரு தங்க வட்டம். அதில் பாதிக்கு மேல் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை, அதை ஈடுகட்டத்தான் வட்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

'தஞ்சாவூர் ஓவியத்தைப் பார்த்து மேல்நாட்டார் கற்றது' என்று கட்டுரையில் வரும் வரியைப் பெருமைக்காக எழுதியிருக்கலாம், ஆனால் சரியில்லை. கிளிம்ட்டின் அப்பா பொன்னில் செதுக்கு வேலை செய்தவர். அப்புறம் 1903-ல் இத்தாலியின் ரவென்னாவில் பழைய தேவாலயங்களின் பொன் மொசைக்கை (சிறு சில்லுகளைப் பதித்துச் செய்த சித்திரங்களை) பார்த்து மயங்கியவர் அவர். நமக்கும் அவருக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லலாம் என்றால் அது மேடு கட்டுவது. அடேலின் உடையில் சில வடிவங்கள் புடைத்து நிற்கும், தஞ்சாவூர் ஓவியத்தில் நம் ஆட்கள் மக்கு (பொடியும் பசையும் குழைத்த கலவை) வைத்துத் தூக்கி அதன்மேல் ரேக்கு ஒட்டுகிற மாதிரியேதான்.

வேலை எப்படி நடக்கிறது என்று நாலு வரியாவது வந்திருக்கலாம். பசை தடவிக் காத்திருந்து, விரல் முட்டியால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் கூடினால் தங்கம் அதில் மூழ்கி மங்கிவிடும், காய்ந்துவிட்டால் ஒட்டாது. ஃபேனை நிறுத்தியாக வேண்டும். ரேக்கைக் கையால் எடுக்க முடியாது, தட்டைத் தூரிகையைக் கன்னத்தில் ஒரு தடவு தடவி, அந்த எண்ணெய்ப் பிசுக்கில்தான் தூக்குவார்கள். அடியில் செம்மண் நிறம் பூசியிருந்தால் தங்கம் சூடாகத் தெரியும், கறுப்பென்றால் குளிர்ந்துவிடும்.

இன்னொன்று, 'தங்க ரேக்கு' என்று சொல்லி விற்பதில் நிறைய பித்தளைதான், செம்பும் துத்தநாகமும் கலந்தது. மேலே வார்னிஷ் சரியாக இல்லாவிட்டால் கறுத்துப் பச்சை பூக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் அசல் என்று நம்பி வாங்கிய படம் இப்போது அந்த நிலையில்தான் வரவேற்பறையில் தொங்குகிறது, விற்றவர்கள் வாயே திறக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அளவு, ஆண்டு, எதில் செய்தது, ரேக்கு அசலா பித்தளையா என்று ஒரு வரி போடுங்கள். 'முத்தம்' 180 செ.மீ. சதுரம், உங்கள் பக்கத்தில் அது நாலு விரல் அகலத்துக்கு, கடுகு நிறத்தில் வந்திருந்தது. அச்சில் தங்கம் அப்படித்தான் விழும், அது உங்கள் தப்பில்லை, ஆனால் வாசகருக்கு அதைச் சொல்லிவிடலாம். இடம் போதாதென்றால் விலையை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் (ஓய்வு),
கும்பகோணம்