படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பல்லுக்குக் கம்பி கட்டும் மருத்துவர்கள் அனைவருக்கும் உசிலம்பட்டியிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

எனக்கு வயது 58. முன்பற்கள் விலகித் துருத்தியதால் மேல்வரிசையில் இரண்டு பற்களை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிக்கொண்டேன். ஒன்றரை ஆண்டில் மூடிவிடும் என்று சொல்லப்பட்ட இடைவெளி, 26 மாதங்கள் கழிந்தும் நாக்கு நுனி நுழையும் அளவுக்கு அப்படியே இருக்கிறது. மாதந்தோறும் பேருந்தேறி வந்து நாற்காலியில் சாய்ந்தவுடன் கம்பியில் நாமே மாட்டிக்கொள்ளும் ரப்பர் வளையத்தைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்டது, "ரப்பரை ஒழுங்காப் போடுறீங்களாம்மா?" என்பதுதான். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் கேட்டவள் நான். சாப்பிடும் நேரம் தவிர ரப்பரைக் கழற்றாமலிருந்தும், பாடம் எழுதாத பிள்ளையைப்போல் விழித்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் வேறொரு மருத்துவர்தான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். எலும்புத் தேய்மானத்துக்காக ஐந்து ஆண்டுகளாக ஞாயிறுதோறும் வெறும் வயிற்றில் 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

கம்பி அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைந்து, மறுபக்கத்தில் புதிதாக வளர்ந்தால்தான் பல் நகரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாத்திரை தடுப்பதோ எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத்தான். மாத்திரையே எடுக்காதவர்களுக்கு நிலைமை நேர்மாறு: மாதவிடாய் நின்றபின் எலும்பு கரையும் வேகத்துக்கு வளர்ச்சி ஈடுகொடுக்காததால், பல் விரைவாக நகர்ந்து ஆட்டம் காணவும் கூடும். பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் போட்ட கணக்கை இந்த இரு வகையினருக்கும் அப்படியே போடலாமா? அதைவிட, இம்மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால், அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் எட்டு வாரத்துக்கு மேலும் வெளியே தெரியும் என்பது 2003 முதல் மருத்துவ உலகம் அறிந்த செய்தி. எனக்குப் புண் ஆறிவிட்டது. அது என் அதிர்ஷ்டமே தவிர யாருடைய முன்யோசனையும் அன்று.

முதல் நாள் நிரப்பிய படிவம் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிக் கேட்டது. கணவர் பெயர், வாட்ஸ்அப் எண், எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்பதையெல்லாம் கேட்டது. எலும்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. திருவிழாச் சலுகைப் பதாகைக்கு நாற்சந்தியில் கிடைக்கும் இடம், அந்தத் தாளில் ஒரு வரிக்குக் கிடைக்கவில்லை போலும். இடுப்பெலும்புக்கு உண்ணும் மாத்திரை பல்லைத் தொடும் என்று நோயாளிக்கு எப்படித் தோன்றும்? அதை எழுதிக்கொடுத்த மருத்துவரும் என் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. நிறுத்தினாலும் அது எலும்பில் பல ஆண்டுகள் தங்கும் என்கிறார்கள். "எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ, ஆண்டுக்கொரு முறையோ ஆறு மாதத்துக்கொரு முறையோ ஊசியோ எடுத்ததுண்டா?" என்ற ஒரே கேள்வியை, பல்லைப் பிடுங்குவதற்கு முன்னரே கேட்கும்படி உங்கள் படிவத்தில் தமிழில் அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
உசிலம்பட்டி